நாய்க்கழிவும் நாட்காட்டியும்: ஒரு கொல்லைப்புற ஆய்வு

வீட்டுத் தோட்டத்தில் நாய் போட்டுவிட்டுப் போனதை எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளுவது? நாய் வளர்க்கும் வீடுகளில் அன்றாடம் எழும் கேள்வி இது. யாராவது ஒருவர் மிதித்துத் தொலைக்கும்வரை யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

இத்துறையில் மூன்று மரபுகள் நிலவுகின்றன. முதலாவது விருந்தினர் மரபு. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று போன் வந்தால்தான் இம்மரபினர் முறத்தைத் தேடுவார்கள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மரபு: வாரம் முழுக்கச் சேரவிட்டு, விடுமுறையன்று மொத்தமாகக் கணக்கை முடிப்பது. மூன்றாவது வருண மரபு. ‘ஒரு மழை அடிச்சா எல்லாம் கரைஞ்சிடும்’ என்பது இதன் மூலச் சூத்திரம்.

மூன்றிலும் உள்ள ஓட்டை ஒன்றுதான். நாள் குறிப்பவர்கள் வீட்டுக்காரர்கள். கழிவுக்குள் குடியிருப்பவர்களின் நாட்காட்டியை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

முதல் குடித்தனம் ஈ. நம் ஊர் வெயிலுக்கு வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு தின்று கொழுத்தபின், கூட்டுப்புழுவாக மாறுவதற்குப் பக்கத்திலுள்ள காய்ந்த மண்ணுக்கு நகர்ந்துவிடும். முட்டையிலிருந்து ஈயாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மரபினர் பல சமயம் அள்ளுவது காலி செய்த வீட்டைத்தான். குடியிருந்தவர்கள் அதற்குள் பக்கத்து மண்ணில் புகுந்து, சாம்பார்ப் பாத்திரத்தைச் சுற்றத் தயாராகிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது நாய்க் கொக்கிப்புழு. ஈரமும் கதகதப்பும் நிழலும் வாய்த்தால் இதன் முட்டை ஓரிரு நாளில் பொரியும். 5 முதல் 10 நாளுக்குள் தோலைத் துளைக்கும் பக்குவம் வந்துவிடும். செருப்பில்லாமல் துணி உலர்த்தப் போனவரின் பாதத்தில் ஏறினால், தோலுக்கடியில் சிவப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீளும். அரிப்பு தூங்கவிடாது.

மூன்றாவது, டாக்ஸோகாரா கேனிஸ் என்ற உருளைப்புழு. அவசரம் இதற்குத் துளியும் கிடையாது. நாய் போட்ட அன்று இதன் முட்டை யாரையும் ஒன்றும் செய்யாது. 2 முதல் 4 வாரம் மண்ணில் கிடந்துதான் தொற்றும் வல்லமை பெறும். பெற்றபின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மண்ணில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைத்தால் உள்ளே போகும். அபூர்வமாகக் கண்ணையும் பாதிக்கும்.

இங்கேதான் மூக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஆவி பறக்க, நாற்றமெடுத்து, பார்த்தவரைப் பத்தடி ஓடவைக்கும் புதுச்சரக்கில் இந்த இரு புழுக்களாலும் ஆபத்து குறைவு. நாற்றம் போய், வெளிறிக் காய்ந்து, மேலே இரண்டு பவழமல்லிப் பூ உதிர்ந்து, ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று தோன்றவைக்கும் பழையதன் அடிமண்ணில்தான் வினை. வருண மரபும் இதே இடத்தில் அடிபடுகிறது. மழையில் கரைவது வடிவம் மட்டுமே. முட்டைகள் தோட்டம் முழுக்கப் பரவும். ஐப்பசி ஈரம் கொக்கிப்புழுவுக்குக் கல்யாண வீடு. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் செயற்கை மழைதான்.

நாயின் தரப்பையும் ஆய்வுலகம் விட்டுவைக்கவில்லை. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டாண்டு பின்தொடர்ந்து, அவை மலம் கழித்த 1,893 தருணங்களைப் பதிவு செய்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு-தெற்காக உடலை வைத்துக்கொள்ள விரும்புகின்றன என்பது 2013இல் வெளியான முடிவு. மறு ஆண்டே, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. நாய் வாஸ்து பார்த்தே உட்காருகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆனால் துளசி மாடத்தைச் சுற்றி மூன்று வட்டம் அடித்து, மோந்து, வேண்டாமென்று போய், மறுபடி அங்கேயே வந்து உட்காருவது ஏன் என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை.

ஒரு காலத்தில் இந்த அள்ளும் சிக்கலே எழுந்திராது. ஹென்றி மேஹ்யூ 1851இல் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய நூலில், தெருத்தெருவாக நாய் மலம் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் வருகிறார்கள். அந்நகரின் பெர்மாண்ட்சி பகுதித் தோல் பதனிடும் கூடங்களில் வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ். காய்ந்த, சுண்ணாம்பு போன்ற ரகத்துக்கு மவுசு அதிகம். தோலை மிருதுவாக்கும் நொதிகள் அதில் இருந்தன. 1907இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர், கணைய நொதியைக் கொண்டு மாற்றுச் சரக்கு தயாரித்தார். அதோடு நாயின் சம்பாத்தியம் போயிற்று. நியூயார்க்கில் 1978இல் வந்த சட்டமோ, தெருவில் நாய் போட்டதை எடுக்காத சொந்தக்காரரிடமே அபராதம் கேட்டது.

ஆய்வு முடிவு வருமாறு. தினம் ஒருமுறை அள்ளவும். மழை இருட்டிக்கொண்டு வந்தால், பெய்யும் முன்பே அள்ளவும். தாய் வயிற்றிலேயே உருளைப்புழுவை வாங்கிவரும் குட்டிகள் உள்ள வீட்டில் போட்ட கையோடு அள்ளவும். கால்நடை மருத்துவர் சொன்ன தேதியில் பூச்சி மருந்தும் கொடுக்கவும். பாலிதீன் பையைக் கையில் மாட்டி, எடுத்து, அப்படியே உள்வெளியாகப் புரட்டி முடிச்சுப் போட்டால் வேலை அரை நிமிடம். சாணம்போல எண்ணிக் கீரைப் பாத்தியில் போடுவது கூடாது.

அள்ளுவது யார் என்பது மட்டும் மேலாய்வுக்குரியது. நாய் வேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போனபின் முறம் யாருக்குச் சேரும் என்பதில் வாரிசுரிமைச் சிக்கல் இருக்கிறது. இப்போதைக்கு, ‘நேத்து நான்தானே எடுத்தேன்’ என்ற வாதமே செல்லுபடியாகிறது. அதைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டிய தடயத்தைத்தான் யாரோ அள்ளிப் போட்டுவிட்டார்களே.