குருட்டு அதிர்ஷ்டமா?

கேள்வி: ஆயிரம் ரசாயனங்களைக் கலக்கிப் பார்த்தால் ஒன்று மருந்தாகாமலா போகும்? இதற்கு எதற்கு நோபல் பரிசு?

பதில்: ஆகும், எந்த நோய்க்கு என்று யார் சொல்வது? பெனிசிலின் தற்செயலாகக் கிடைத்தது உண்மைதான். ஆனால் அல்சர் எனும் இரைப்பைப் புண்ணுக்கு மருந்து தேடிய மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக், இலக்கை முடிவு செய்த பிறகே தேடலைத் தொடங்கினார். உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள், இரைப்பைச் செல்லின் ஏற்பியில் (receptor) ஒட்டி அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்டு, ஆனால் ஏற்பியைத் தூண்டாமல் இருக்கும் சிறு மூலக்கூறு கிடைத்தால் போதும் என்றார். 1964இல் வேலை தொடங்கியது. வேதியியலாளர் ராபின் கனெலினின் குழு, ஹிஸ்டமினையே சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்தது. அவற்றில் ஒன்றான புரிமமைடு, விழுங்கினால் போதிய பலன் தரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு பலன் தந்தது. ஆனால் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களைக் குறைத்தது. பழி அதிலிருந்த தயோயூரியா பகுதிமேல் விழ, அதை மட்டும் மாற்றினார்கள். அதுதான் சிமெடிடின்; 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிளாக்குக்கு 1988இல் நோபலில் பங்கு கிடைத்தது.

'அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று பிறகு தெரிந்ததே, இலக்கே தப்பில்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாக்டீரியாவைக் கொல்ல ஆன்டிபயாடிக் வேண்டும். ஆனாலும் இன்றும் அதனுடன் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்தே தருகிறார்கள். அதிர்ஷ்டத்தை நம்புகிறவருக்குத் தோல்வி வெறும் நஷ்டம். ஏற்பியைப் புரிந்துகொண்டவருக்கோ, அடுத்து மூலக்கூறின் எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தோல்வியே சொல்லிவிடுகிறது.