அதிகாலை 4 மணிக்கு அனுமதி வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு தானியங்கிப் புதுப்பிப்பு அலுவலர் அவர்கள்,
இயங்குதளத் தலைமைச் செயலகம்,
மேகம்.

பொருள்: எனக்குச் சொந்தமான கணினியை அதிகாலை 4 மணி முதல் 5 மணி வரை நானே பயன்படுத்திக்கொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் என் வீட்டுப் பின்கட்டு அறைக்கு இரவில் தாங்கள் வந்துபோவது காலையில் கணினியைத் திறந்தால் தெரிந்துவிடுகிறது. திறந்து வைத்தவை மூடிக் கிடக்கும். நான் கேட்காத ஏதோ ஒன்று திரை ஓரத்தில் உட்கார்ந்து நல்வரவு கூறும்.

அந்த அறையை நான் ஸ்டூடியோ என்பேன். என் மனைவி அதை மூட்டைமுடிச்சு அறை என்பாள். ஜன்னலில் இரண்டு ஜமக்காளம், ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், எட்டு வயதான கணினி. பாடுபவர் என் அத்தை, வயது 78. அவரிடம் இருக்கும் தாலாட்டுகள் வேறு யாரிடமும் இல்லை.

ஏன் 4 மணி என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஐந்தரைக்குக் கோயில் ஒலிபெருக்கி, ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார், ஏழுக்குப் பள்ளி வேன். ஊர் அடங்கிய நேரம் பார்த்துத்தான் நான் மைக்கைத் திறக்கிறேன். ஊர் அடங்கிய நேரம் பார்த்துத்தான் தாங்களும் வருகிறீர்கள். 'பணி நேரம்' என்று தாங்கள் தந்த கட்டத்தில் 3 முதல் 6 வரை என்று குறித்தும் வைத்தேன். அடுத்த புதுப்பிப்பில் அதையும் புதுப்பித்துவிட்டீர்கள்.

சென்ற மாதம் அத்தை பாட்டின் நடுவில் இருந்தபோது திரை இருண்டது. வைஃபையை அணைத்துத்தான் வைத்திருந்தேன். பயனில்லை, வேண்டியதை எல்லாம் முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, நல்ல நேரத்துக்குக் காத்திருந்திருக்கிறீர்கள். முன்னறிவிப்பு தந்தோம் என்பீர்கள். தந்திருப்பீர்கள். அதன் 'டிங்' பதிவில் விழக் கூடாதென்று அறிவிப்புகளை நிறுத்தி வைத்தது நான்தான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அத்தை கேட்டார்: "என்னடா, பொட்டி தூங்கிடுச்சா?"

இன்னொரு தடவை பாடச் சொன்னேன். "தூங்கினதுக்கு அப்புறமும் எவளாவது தாலாட்டுவாளா?" என்று காபி போட எழுந்து போய்விட்டார்.

ஐயா, இந்தத் தொழிலின் அவசரம் தங்கள் செயலகத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒலி என்பது எங்களுக்கு நொடிக்கு 48,000 மணிகளாக வந்து கொட்டும் நெல். அதை 128 மணி மட்டுமே கொள்ளும் சிறு படியால் கணினி அளந்து ஊற்றுகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள அவகாசம் 2.7 மில்லிநொடி கூட இல்லை. அதற்குள் அளக்கிறவன் கையை யாராவது பிடித்து, 'வைரஸ் இருக்கிறதா பார்க்கலாமா', 'கோப்புகளை வரிசைப்படுத்தட்டுமா' என்று கேட்டால் நெல் சிந்திவிடும். பதிவில் அது 'டிக்' என்று கேட்கும். பெரிய படியாக வைத்துக்கொள் என்பீர்கள். 1,024 கொள்ளும் படி வைத்தும் பார்த்தேன். குரல் உள்ளே போக 21 மில்லிநொடி, திரும்பிக் காதுக்கு வர இன்னொரு 21. "யாரோ எனக்குப் பின்னாடியே பாடுறாங்கடா, அவளை முதல்ல நிறுத்தச் சொல்லு" என்றார் அத்தை.

என் பங்குக்கு நான் குறை வைக்கவில்லை. பாடல் கோப்புறைப் பக்கம் போகாதே என்று வைரஸ் காவலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பதிவுகளுக்கென்று தனி டிஸ்க். அதற்கு இரண்டு நகல், ஒன்று அண்ணன் வீட்டு பீரோவில். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தூசி தட்டுகிறேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடுகிறது. அதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். தூசி அடைத்தால் சூடு, சூடு ஏறினால் விசிறி இரையும், அந்த இரைச்சல் அத்தையின் கீழ் ஸ்தாயியில் வந்து உட்காரும். இத்தனையும் சரிசெய்து வைத்தால், தாங்கள் ஒருமுறை வந்துபோனதும் மின் அமைப்பு சிக்கனத்துக்குத் திரும்பியிருக்கிறது, 48,000 என்று வைத்தது 44,100 ஆகியிருக்கிறது, ஒலி மானிட்டரின் ஓட்டை ஸ்பீக்கரில் வருகிறது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில், இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளைகள் உடம்போடு சேர்ந்தே இருந்தன. ஒரு மெகாபைட் நினைவகம் இருந்தாலே அன்று பெரிய விஷயம். முதலில் வந்த சிலவற்றைத் தவிர, இயங்குதளம் சில்லிலேயே பதித்து வந்தது, இரவில் யாரும் வந்து மாற்ற முடியாது. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் இசை செய்தார்கள். அவர்களை யாரும் நடுப்பாட்டில் எழுப்பியதில்லை.

அதற்காகப் புதுப்பிப்பே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் வந்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தாராளமாக வாருங்கள். கதவைத் தட்டிவிட்டு, மதியம் வாருங்கள். தெரு இரையும் அந்த நேரத்தில் இந்த அறையில் ஒரு வேலையும் நடப்பதில்லை.

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, வரும் ஞாயிறு காலை 4 மணிக்கு அந்தப் பாட்டை மறுபடி பாட அத்தை இசைந்திருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லியிருக்கிறார். பாட்டு ஆறரை நிமிடம் வரும். அந்த ஆறரை நிமிடத்துக்கு மட்டும் தாங்கள் விடுப்பு எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கணினியைக் காசு கொடுத்து வாங்கியவன்