பத்திரிகை அடிக்க எந்த மென்பொருள்?

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையை நானே வடிவமைத்து, பி.டி.எஃப். ஆக்கி சிவகாசிக்கு அனுப்ப ஆசை. எந்த மென்பொருள் நல்லது?
- ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: காசு இருந்தால் இன்டிசைன். மொய் வந்த பிறகுதான் காசு என்றால், இலவச ஸ்க்ரைபஸ். ஆனால் 1.6 பதிப்பாகப் பாருங்கள், பழைய 1.4-இல் தமிழுக்குக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வேர்டு வேண்டாம்: அது திரையின் மூன்று நிறக் கணக்கு, அச்சகத்துக்கோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மை. நான்கு மைக் கணக்குக்கு மாற்றாவிட்டால் திரையில் பளிச்சிடும் பட்டுப்புடவை தாளில் சாயம் போகும். ஓரத்தில் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதல், படங்களுக்கு 300 டி.பி.ஐ., எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிதல் கட்டாயம். கிச்சிலிச் சம்பா அரிசிக்குப் பெயர்போன ஆத்தூர்க்காரர் நீங்கள்; அரிசி மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும் என்று தெரியாதா? கடைசியாக, சம்பந்தி பெயரை மூன்று முறை படியுங்கள். அந்தப் பிழையைத் திருத்த மென்பொருள் இன்னும் வரவில்லை!