ராம்சிங்குக்கு இடம் உண்டா?

கேள்வி: புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தமிழ்நாடு கிரிக்கெட்டின் 'எக்காலத்துக்குமான பதினொருவரை'த் தேர்ந்தெடுக்க முடியுமா?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: சுழலுக்கு முடியும். வெங்கட்ராகவனுக்கு ரஞ்சியில் மட்டும் 530 விக்கெட். அஸ்வினுக்கு டெஸ்டில் 537. கூடவே வி.வி. குமார். எதிர்த்துப் பேச ஆளில்லை.

மட்டையில்தான் தகராறு. பத்ரிநாத்தின் முதல்தரச் சராசரி 54. டபிள்யூ.வி. ராமன் 1988-89 ரஞ்சியில் 1018 ரன் குவித்து, ரூசி மோடியின் 1944-45 சாதனையை முறியடித்தவர். இருவரும் உள்ளே. ஸ்ரீகாந்த்? டெஸ்ட் சராசரி 30ஐக்கூடத் தொடவில்லை. கணக்கு அவரை வெளியே அனுப்பும், நான் அனுப்பமாட்டேன். அவர் ஆடியபோது டீக்கடைகளில் ஆறிப்போன டீக்குச் சராசரி எடுத்தவர் உண்டா?

ஏ.ஜி. ராம்சிங்கைப் பாருங்கள். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், ரஞ்சியின் முதல் ஆட்டம். மைசூருக்கு எதிராக 35 ரன்னுக்கு 11 விக்கெட்! ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஆனால் மனிதர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. டெஸ்ட் பட்டியலைத் துழாவினால் அகப்படமாட்டார். அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. அவரவர் காலத்து ஆட்டக்காரர்களோடு ஒப்பிட வேண்டும். உங்கள் மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே கேளுங்கள்: தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் நட்சத்திரத்தின் நிஜப் பிரகாசத்தைச் சொல்வார்களா?

கேப்டன் வெங்கட், கீப்பர் தினேஷ் கார்த்திக். மீதி மூன்று இடம் உங்களுக்கு. தயவுசெய்து ஒரு வேகப்பந்துக்காரரையாவது சேருங்கள்!