தொங்கியல்: ஓர் ஆய்வுரை

அவலூர்பேட்டையில் காரணமில்லாமல் எதுவும் தொங்குவதில்லை. இதுவே இவ்வாய்வின் முதற்கோள். எங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசல் நிலைகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்து திரட்டிய தரவு வருமாறு: எலுமிச்சை மிளகாய்ச் சரம், கறுப்புக் கயிற்றில் படிகாரம், மீசை வரைந்த பூசணிக்காய், வேர் மேலாகத் தலைகீழாய்க் கட்டிய சோற்றுக்கற்றாழை, ஆகாச கருடன் கிழங்கு. ஐந்தும் கண்ணேறு கழிப்பன. (அண்ணாந்து நடந்ததில் ஆய்வாளர் ஒரு மாட்டு முளையில் இடறி விழுந்தது தரவின் நம்பகத்தன்மையைப் பாதிக்காது.) எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் ஆர்க்கிட் கூடை மட்டும் எதைக் கழிக்கிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆய்வின் தேவை இங்கே எழுகிறது.

இத்துறையில் முன்னோடி ஆய்வு எதிர்வீட்டு ஆயாவினுடையது. கூடையை மாட்டிய அன்றே வந்து பார்த்தார்.

“இன்னாப்பா இது, மண்ணே காணோம்? வேரெல்லாம் வெளிய தொங்குது. ஆகாச கருடனா?”

“இல்ல ஆயா, இது வேற.”

“அப்ப புல்லுருவி. எடுத்துப் போடு, வூட்டுக்கு ஆகாது.”

இரண்டு கூற்றுகளையும் தனித்தனியே மறுக்க வேண்டியிருக்கிறது. ஆகாச கருடன் சேமிப்பில் வாழ்வது. கிழங்கில் வைத்திருப்பதைச் செலவழித்துத்தான் அந்தரத்தில் தளிர் விடுகிறது. கற்றாழையும் இலைக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளும் வகை. எங்கள் கூடையில் இருக்கும் வாண்டா என்ற ஆர்க்கிட்டுக்குக் கிழங்கும் கிடையாது, பருத்த தண்டும் கிடையாது. அன்றாடங்காய்ச்சி. புல்லுருவி என்பதோ பச்சை அவதூறு. புல்லுருவி மாமரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். வாண்டா மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். திண்ணையில் படுத்துறங்கி, வீட்டுக்காரர் சோற்றைத் தொடாமல் எழுந்து போகும் வழிப்போக்கனைப் போல.

ஆயினும் நேர்மையான ஆய்வாளர் எதிர்த்தரப்புச் சான்றை மறைக்கலாகாது. ‘வந்தா’ என்ற வடசொல்லுக்கே ஒட்டுண்ணிச் செடி என்றுதான் பொருள். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அந்தப் பெயரைத் தாவரவியலுக்குள் கொண்டுவர, ராபர்ட் பிரவுன் 1820-இல் அதைப் பேரினப் பெயராக நிலைநாட்டினார். ஆக, ஆயாவின் அவதூறு இருநூறு ஆண்டுகளாக லத்தீனில் பதிவாகிக் கிடக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. ஆர்க்கிட் என்ற குடும்பப் பெயரின் கிரேக்க மூலத்தையும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் மண்ணுக்குள் இரட்டைக் கிழங்கு வைக்கும் ஓர் இனத்தைப் பார்த்து, ஆண்பாலார் உறுப்பொன்றின் பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்பதோடு இங்கும் நிறுத்திக்கொள்வதே மரியாதை.

அடுத்து, கூடை. தொங்கும் கூடையை வெளிநாட்டு நாகரிகம் என்று நினைப்போர் ‘உறி’ என்ற சொல்லை மறந்தவர்கள். பூனைக்கு எட்டாத உயரத்தில் தயிர்ப்பானை இருந்தது. ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஆர்க்கிட் இருக்கிறது. கயிறு, கொக்கி, உயரம் எல்லாம் அதே கணக்கு. கோகுலத்து உறிகளில் களப்பணி செய்த கண்ணனே இத்துறையின் மூத்த அறிஞர். குரங்குக்கு மட்டும் எக்காலத்திலும் விடை காணப்படவில்லை. செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதில் பானை இல்லை என்பது. இடைவெளி விட்டு அடித்த தேக்குச் சட்டங்கள், உள்ளே நாலு கரித்துண்டு, உடைந்த செங்கல். மண் போட்டால் செடி அழுகிச் செத்துவிடும். வேர்களைச் சுற்றி வெண்மையான பஞ்சுபோன்ற உறை ஒன்று உண்டு. தண்ணீர் பட்டதும் குடித்துப் பச்சையாகும். வெள்ளையாகத் தெரிந்தால் தாகம், பச்சையாகத் தெரிந்தால் போதும். மனிதர்களிடம் இப்படி ஒரு வசதி இருந்தால் விருந்தோம்பல் எவ்வளவு எளிதாகியிருக்கும்! கத்திரி வெயிலில் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். போர் தண்ணீர் ஆகாது. உப்புப் படிந்து வேர் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும், பிறகு எது தாகம், எது உப்பு என்று தெரியாது. மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன். வீட்டில் அந்த டிரம்மைத் தொட்டவர்களுக்கும் எனக்கும் நடந்தவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இச்செடியின் இன்னொரு பழக்கம் முழுக்க அவலூர்பேட்டைத்தனமானது. பகல் முழுக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு கிடந்து, இருட்டிக் காற்று குளிர்ந்த பிறகே திறந்து கரியமில வாயுவை இழுக்கும். சித்திரை மத்தியானத்தில் எங்கள் தெருவில் கதவு திறந்திருக்கும் வீடு ஒன்றைக் காட்டிவிட்டு இதை அதிசயம் என்று சொல்லுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர்கள் இது தெரியாமல்தான் கெட்டார்கள். வெப்பநாட்டுச் செடி என்றாலே புழுக்கக் காடு என்று முடிவுகட்டி, காற்றுப் புகாத கண்ணாடி வீட்டில் நிலக்கரியை எரித்து, கப்பல் கப்பலாக வந்த ஆர்க்கிட்டுகளை அவித்துக் கொன்றார்கள். சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் காற்றைத் திறந்துவிட்ட பிறகுதான் செடிகள் பிழைத்தன. காசு கொடுத்து அவலூர்பேட்டையை உண்டாக்கியவர்கள், அதன் திண்ணையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் தகுதியில்லை. முதலில் கூரியரில் வரவழைத்த தாய்லாந்துக் கலப்பினச் செடி இரண்டாம் கோடையில் கருகியது. இப்போதிருப்பது ஏரிக்கரை மாமரத்துக் கிளை புயலில் முறிந்து விழுந்தபோது கிடைத்த வாண்டா டெசலேட்டா. தமிழ்நாட்டின் வறண்ட சமவெளி மரங்களில் தானாக வளர்வது. பிரவுன் பெயர் வைத்தபோது முன்மாதிரியாகக் கொண்ட இனமே இதுதான். இங்கேயோ விறகோடு போகவிருந்தது. பிறகு பூவுக்கான காத்திருப்பு. முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானின் படை 1690 தொடங்கி 1698 வரை செஞ்சியை முற்றுகையிட்டது. நான் தண்ணீர் தெளிப்பானோடு நின்ற மூன்றாம் ஆண்டில் இலைக்கக்கத்தில் ஒரு மொட்டுக்காம்பு தலைநீட்டியது. முகலாயரைவிட ஐந்து ஆண்டு மிச்சம்.

இனி மணம். ஆர்க்கிட்டுக்கு வாசனையே கிடையாது என்பது ஊரின் ஒருமித்த கருத்து. காரணம், ஊர் அதைக் கண்டது கல்யாண ரிசப்ஷன் மேடையில்: ஊதா நிற டெண்ட்ரோபியம், மூன்று நாள் ஆனாலும் வாடாது, முகர்ந்தால் ஒன்றுமில்லை. அறிஞர்களும் சறுக்கிய இடம் இது. 1845-இல் ஜான் லிண்ட்லி ஒரு டெண்ட்ரோபியத்துக்கு ‘மணமற்றது’ என்று பொருள்பட அனாஸ்மம் என்று பெயரிட்டார். அது பழக்கூடை கவிழ்ந்ததுபோல மணக்கும் பூ! பெயரை மாற்ற விதி இடம் தரவில்லை, இன்றும் அது மணமற்றது என்ற பெயரோடு மணந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, வெனிலாவும் ஒரு ஆர்க்கிட்டின் காய்தான். ஆயாவின் பேரன் வாரம் ஒரு கப் ஆர்க்கிட் தின்கிறான்.

பூ விரிந்தது. மஞ்சளும் பழுப்புமாய்க் கட்டம் போட்ட இதழ்கள், நீலம் கலந்த உதடு. முற்பகலில் தாழ்வாரம் முழுக்க மணம். ஆயாவை அழைத்துவந்து, நாற்காலி போட்டு, காம்பை மூக்கருகில் இறக்கினேன். கண்ணை மூடி இரண்டு முறை இழுத்தார்.

“வாசனை கீது. இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்: “எத்தினி முழம் வரும்?”

ஒரு சாண். அதாவது அரை முழம். தரவேட்டில் குறித்துக்கொண்டேன்.