ஊர்க்கடுதாசியியல்: ஓர் அறிமுகமும் ஒரு திருத்தமும்

சொந்த ஊரைப் பற்றி நாலு பக்கத்தில் கடுதாசி அச்சடித்து ஊருக்கே கொடுக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு எந்த வயதில் வருகிறது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. (அறிஞர்கள் என்றது, கோவில்பட்டியில் நான் டீ குடிக்கும் கடையின் காலை ஆறு மணிக் குழுவை.) தொப்பை விழுந்ததும் வரும் என்பது ஒரு சாரார் கட்சி. பிள்ளைகள் வெளியூருக்கு வேலைக்குப் போனதும் வரும் என்பது மறு சாரார். எனக்கு இரண்டும் நடந்துவிட்டபடியால் இந்த ஆய்வு நடுநிலை வழுவாதது.

இத்துறையின் மூலவர் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன். பட்டம் எதுவும் இல்லாத விவசாயி, 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி கொண்டுவந்தார்; ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றே ஜூனியர் விகடனில் எழுதினார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவர் அள்ளியது போக இங்கே மிச்சம் ஏதும் கிடக்கிறதா? கிடக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் குழுவில் அதற்காக மகிழ்ந்தவர்களைவிட, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இலேயே வாங்கிவிட்டதே என்று பொருமியவர்களே அதிகம். இந்தப் பொருமல் எந்த அகராதியிலும் ஏறவில்லை.

ஆய்வுமுறை எளிது. ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். ஜெராக்ஸ் 40 படி. தலைப்புக்குக் கீழே ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டாக வேண்டும். தமிழ்ச் சிற்றிதழ்கள் பல பதிவு அலுவலகத்தின் பக்கம் போகாமல் பிழைத்ததே இந்த இரண்டு சொல்லால்தான். 1867ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் போய் 2023ஆம் ஆண்டின் புதுச் சட்டம் வந்துவிட்டது. சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. எனக்கு அது பொருளாலும் பொருந்தியது. 40 படியும் அந்த ஒரு கடையைத்தான் சுற்றின.

முதல் படி வடைக்குக் கீழே போனது. இதை அவமதிப்பு என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. எண்ணெய் ஊறிய இடத்தில் முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் ஒருசேரத் தெரிந்தன. வாசகர் இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டார். படித்தவர் கேட்டதுதான் இவ்வாய்வின் திருப்புமுனை.

“அண்ணாச்சி, சேவுக்கடை இடது பக்கம்னு எழுதியிருக்கீகளே, யாருக்கு இடது? வாரவனுக்கா, போறவனுக்கா?”

விடை இல்லை. எங்கள் பக்கத்தில் இடமும் வலமும் மாட்டுவண்டிக்கும் மருத்துவருக்கும் உரியவை. மனிதர்களுக்குத் திசைதான். பந்தியில் “கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருப்பா” என்பார்கள். சாம்பார் வாளி வடக்கே போகும். கண்ணில் தூசி விழுந்தாலும் மேற்குக் கண்ணா கிழக்குக் கண்ணா என்று கேட்கக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள்ளும் இவர்களுக்குத் திசை தப்பாது. ஊரின் விசித்திரங்களை எழுதக் கிளம்பிய நான், இருப்பதிலேயே பெரிய விசித்திரத்தைத் தவறவிட்டு, ‘இடது’ என்று நகரத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலைக்குள் ஒன்பது திருத்தங்கள் வந்தன. சேவுக்கடை தெருவின் கிழக்கே என்று ஐந்து பேர், வடகிழக்கே என்று மூன்று பேர். அந்தக் கடையே மூடி வருசமாச்சு என்றார் ஒரு பெரியவர். அது அங்கே எப்போது திறந்தது, யார் மாவு பிசைந்தார், மிளகு எவ்வளவு விழும் என்று அவர் சொன்னது மட்டும் மூன்று பக்கத்துக்கு வரும். முதல் இதழில் நான் உழைத்து எழுதிய ஹாக்கி மைதானக் கட்டுரையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அதில் பிழை இல்லை.

ஆகவே, ஊர்க்கடுதாசியை எழுதுவது ஊர். ஆசிரியர் பிழை விடுவதற்காக அமர்த்தப்பட்டவர். இரண்டாம் இதழுக்கு நல்ல பிழைகளாக நாலு தேடி வைத்திருக்கிறேன்.

இதழ் வரும் ஞாயிறு கிடைக்கும். பாய்லருக்கு மேற்கே, சேவு டப்பாவுக்குத் தெற்கே வைத்திருப்பேன். காசு வேண்டாம். திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதி மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வடை தின்ற கையைத் துடைத்துவிட்டு எழுதினால் புண்ணியமாகப் போகும்.