முகம் 51 கேபி

என் மச்சினன் மகனின் முகத்தில் ஒரு கேபி கூடுதலாம். நேற்று ஒரு போட்டித் தேர்வு விண்ணப்பம் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் சொன்னது. புகைப்படம் 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபிக்கு மிஞ்சக் கூடாது. பையனின் படம் 51. பட்டினி போட்டு இறக்கலாம் என்றால், அவனிடம் இறக்குவதற்கு உடம்பே கிடையாது.

கெட்டுப்போன படக் கோப்புகளை மீட்பது எப்படி என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். சாரல் காலத்தில் ஐந்தருவிக்குள் தலையோடு போனையும் நீட்டுகிறவர்களுக்கு (நாம்தான், வேறு யார்?) அவசரமாகத் தேவைப்படும் சங்கதி. கட்டாயம் சொல்கிறேன். முதலில் இந்த ஒரு கேபிக்கு வழி பண்ணிவிட்டு வருகிறேன்.

தென்காசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி படத்தைச் சுருக்கினார். 19 ஆகிவிட்டது. "இப்ப கொறைஞ்சிட்டுல்லா" என்று ஏதோ சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் மாதிரி வருத்தப்பட்டார். மறுபடி ஏற்றினார், 53. "கொஞ்சம் பாத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். "நான் என்ன செய்ய? அது கேக்க மாட்டேங்குல்லா!" கடைசியில் ஒருவழியாக 48-க்கு வந்தபோது பையனுக்கு அரும்பியிருந்த மீசை காணாமல் போயிருந்தது. அந்த மீசைக்காக அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். விண்ணப்பத்துக்குத் தெரியுமா?

வம்பெல்லாம் அந்தப் படம் எடுத்த இடத்தில் இருக்கிறது. குற்றாலம் பேரருவிக்கு முன்னால், ஈரத்தலையோடு நின்று எடுத்துக்கொண்டது. ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நிதானமாக மாறும் நிறத்தை வைத்துக்கொண்டு நுணுக்கத்தைக் கழித்துக் கட்டுகிற ஏற்பாடு. வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கிற ஆசாமி சொன்னபடி சுருங்குவார். அருவி சுருங்காது, ஒவ்வொரு திவலையும் நுணுக்கம்தான். விடாமல் அழுத்தினால் பேரருவி பாத்ரூம் சுவர் டைல்ஸ் ஆகிவிடும்.

ஜேபெக்கின் அடியில் இருக்கும் கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, நடராஜன், ராவ். அகமது 1972-ல் அமெரிக்க அறிவியல் நிறுவனம் ஒன்றிடம் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தார். இல்லை என்றுவிட்டார்கள். விண்ணப்பம் என்றாலே எங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. நடராஜன் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சமாதானம். குற்றாலம் சித்திர சபையில் நடராஜர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். படத்துக்கும் அந்தப் பெயருக்கும் பழைய உறவு.

இனி மச்சினன். அவனுக்குக் குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜ். அதற்கு ஒரு இணையதளம். முதல் பக்கத்திலேயே பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றும் 6 எம்பி. சீசன் தொடக்கத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் சீசன் முடியும்போது அருவி தெரியும். அகலத்தை 1600 புள்ளிக்குக் குறைத்தால் 300 கேபிக்குள் அடங்கிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். "தண்ணி கொறைஞ்ச மாரி தெரியுமே அத்தான்" என்றான். இணையத்தில் 6 எம்பிக்குக் குறைய மாட்டேன் என்கிற அதே மனிதன், பையனின் காதுகுத்துப் படத்தை வாட்ஸப்பில் வாங்கி, அதை ஒருவர் சுருக்க, இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்க, மிஞ்சிய 18 கேபியைப் பத்தடி பிளெக்ஸாக அடித்தான். அதில் பையனின் கண்ணில் புள்ளி எண்ணிக் கோலம் போடலாம். ஊர் முழுக்க இதே கதை. இருப்பதைச் சுருக்கச் சொல்ல ஒரு கூட்டம், இல்லாததைப் பெரிதாக்கச் சொல்ல ஒரு கூட்டம். நடுவில் மௌஸைப் பிடித்துக்கொண்டு நான்.

போன வாரம் காமிரா கார்டில் இருந்த படங்களை அழித்துவிட்டு வந்து நின்றான். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி முதலில் சிலவற்றை மீட்டுக் கொடுத்தேன். ஒரு படத்தில் மட்டும் அவன் கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஜேபெக் மேலிருந்து கீழாகக் கோத்துக்கொண்டே போகும். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் மிச்சம் போச்சு. "பாதிதான் வந்திருக்கு?" என்றான், நான்தான் கழுத்தை அறுத்தது போல. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் கோயிலின் பழுதைச் சரிசெய்பவர் எவரோ அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று 15-ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவைத்தான். பிறகு கோபுரம் சிதைந்து, வெகுகாலம் மொட்டையாக நின்று, 1990-ல்தான் மறுபடி எழுந்தது. பழுதுபார்க்கிறவனுக்கு ராஜா கொடுத்த மரியாதை அந்தக் கல்வெட்டு. என் மச்சினன் ராஜா இல்லை.

ஆயினும் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். படத்தை அழித்தால் அது உடனே போய்விடாது. 32 ஜிபி வரையிலான கார்டுகளில் பெரும்பாலும் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைக் கிறுக்கிவிட்டு, 'இடம் காலி' என்று குறித்துக்கொள்வதோடு சரி. அந்த இடத்தில் வேறு படம் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயேதான் கிடக்கும். ஆகையால் மீட்டு முடிக்கிறவரை கார்டில் புதிதாக எதையும் எடுக்காதே. இன்னும் உன் லாட்ஜ் படங்கள் முழுசாக வரவில்லை.

"அப்படியா அத்தான்?" என்று அசந்துபோனான். அந்தக் கார்டையே காமிராவில் செருகி, நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்னை ஒரு படம் எடுத்தான். நன்றாக வந்திருக்கிறது. 6 எம்பி.